கார்-டி செல் சிகிச்சை: வார்டு வாசலில் கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் புற்றுநோய் வார்டில் நோயாளிகளின் குடும்பத்தாரோடு பேசுவதுதான் என் வேலை. டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து அடுத்த அறைக்குப் போனதும், "மேடம், அவர் சொன்னது ஒண்ணும் புரியலை" என்று யாராவது வந்து நிற்பார்கள். ஒரே சந்தேகத்துக்கு வாரத்தில் நாலு தடவை பதில் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்.

கார்-டி, கார்-டினு சொல்றாங்களே, அது மருந்தா, ஆபரேஷனா?

ஆபரேஷன் இல்லை. பார்க்கிறவர்களுக்கு ரத்தம் ஏற்றுவது போலத்தான் தெரியும். நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல் என்ற வகை வெள்ளணுக்களைப் பிரித்து எடுக்கிறார்கள். புற்றுநோய் செல்லை அடையாளம் காணும் ஒரு புரதம் அவற்றின் மேல் முளைக்கும்படி ஒரு மரபணுவைச் சேர்க்கிறார்கள். பிறகு அவற்றைப் பெருக்கி அதே ஆளுக்குத் திரும்ப ஏற்றுகிறார்கள். அந்தப் புரதத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகள்தான் 'கார்'. ஓட்டுகிற காருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு பெரியவர் நிஜமாகவே கேட்டார், அதனால் சொல்கிறேன்.

யோசனை பழையது. 1989-லேயே இஸ்ரேலின் வெய்ஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் செலிக் எஷ்ஹாரும் கிடியோன் கிராஸும் இப்படி ஒரு கலப்புப் புரதத்தை டி செல்லில் பொருத்திக் காட்டினார்கள். மருந்தாக அனுமதி கிடைத்தது 2017 ஆகஸ்டில், அமெரிக்காவில். நடுவில் கிட்டத்தட்ட 28 வருடம்.

நம்ம உடம்புலயே எதிர்ப்பு சக்தி இருக்கே, அது ஏன் கேன்சரை விட்டுடுது?

வெளியூர்த் திருடன் வந்தால் தெருநாய் குரைக்கும். அதே தெருவில் பிறந்து வளர்ந்தவன் திருட ஆரம்பித்தால் வாலை ஆட்டிக்கொண்டு போய்விடும். புற்றுநோய் செல் நம்முடைய சொந்த செல். டி செல் ஒவ்வொரு செல்லின் மேற்புறத்தையும் தடவிப் பார்த்துத்தான் நண்பனா எதிரியா என்று முடிவு செய்கிறது. உள்ளே என்ன புரதம் இருக்கிறது என்று ஒவ்வொரு செல்லும் ஒரு சின்னத் தட்டில் வைத்து வெளியே காட்டிக்கொண்டிருக்கும். பல புற்றுநோய் செல்கள் அந்தத் தட்டையே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. வேறு சில, டி செல்லை அடக்கும் சமிக்ஞைகளை வெளியே நீட்டுகின்றன.

கார் புரதத்துக்கு இந்தத் தட்டு வேண்டாம். புற்றுநோய் செல்லின் வெளித்தோலில் இருக்கும் ஒரு குறியை அது நேராகப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிடித்த நொடியே உள்ளே 'தாக்கு' என்ற உத்தரவு போகும்.

அப்போ நிலவேம்பு, கபசுரக் குடிநீர் குடிச்சு எதிர்ப்பு சக்தியைக் கூட்டினா போதாதா?

இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பமே இல்லை. எதிர்ப்பு சக்தி என்பது டேங்கில் பெட்ரோல் போல ஒரு அளவு, குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம் என்று நாம் நினைக்கிறோம். மேலே சொன்னதைப் பாருங்கள்: அங்கே பலம் குறைவு என்பதைவிட ஆள் தெரியவில்லை என்பதுதான் பிரச்சினை. ஆள் தெரியாத காவல்காரருக்கு எத்தனை டம்ளர் கஷாயம் கொடுத்தாலும் ஆள் தெரியாது.

இன்னொன்று. கீமோ ஓடும்போது டாக்டரிடம் சொல்லாமல் கஷாயமோ லேகியமோ சாப்பிட்டால், கல்லீரல் ரிப்போர்ட் ஏறும்போது காரணம் எதுவென்று யாருக்கும் புரியாது. சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். நானாவது திட்ட மாட்டேன்.

எங்க மாமாவுக்கு நுரையீரல் கேன்சர்ல இம்யூனோதெரபி ஊசி போட்டாங்க. அதுவும் இதுவும் ஒண்ணா?

உறவுக்காரர்கள், ஆனால் ஒன்றில்லை. டி செல்லுக்கு இயற்கையிலேயே பிரேக் உண்டு. அது இல்லாவிட்டால் நம் உடம்பையே கடித்துவிடும். சில புற்றுநோய்கள் அந்த பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்கின்றன. மாமாவுக்குப் போட்ட ஊசி பெரும்பாலும் அந்தக் காலை எடுத்துவிடும் மருந்தாக இருக்கும். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த பிரேக்குகளைக் கண்டறிந்து, அவற்றைத் தளர்த்திப் புற்றுநோயை எதிர்க்கலாம் என்று காட்டியதற்காக அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அது தயார் மருந்து, குப்பியில் வருகிறது, அதையே பலருக்கும் போடலாம். கார்-டி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தைக்கும் சட்டை.

எடுத்துட்டுப் போற செல்லை என்னதான் பண்றாங்க?

முதலில் எடுக்கும் விதம். பிளேட்லெட் தானம் பார்த்திருந்தால் அதே மாதிரிதான். ஒரு குழாய் வழியாக ரத்தம் இயந்திரத்துக்குப் போகும், அது சுழன்று வெள்ளணுக்களை மட்டும் ஒதுக்கும், மிச்சம் இன்னொரு குழாய் வழியாக உடம்புக்குத் திரும்பும். மூன்று நாலு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். நடுவில் உதடும் விரல் நுனியும் மதமதக்கும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் திரவம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. சிஸ்டரிடம் சொன்னால் கால்சியம் கொடுப்பார்.

ஆய்வகத்தில் டி செல்களை முதலில் உசுப்பிவிடுகிறார்கள். பிறகு, நோய் உண்டாக்கும் பகுதிகளை நீக்கிய ஒரு வைரஸின் முதுகில் கார் மரபணுவை ஏற்றி உள்ளே அனுப்புகிறார்கள். மரபணு டி செல்லின் டிஎன்ஏவிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் அந்த செல் இரண்டாகப் பிரிந்தால் இரண்டிலும் கார் இருக்கும். ஒரு வாரம், பத்து நாள் பெருக்கி, கிருமி இல்லை என்று சோதித்து, உறைய வைத்து அனுப்புகிறார்கள். எடுத்ததிலிருந்து ஏற்றுவது வரை சில வாரங்கள் ஆகும். அதற்குள் நோய் ஏறாமலிருக்க இடைக்காலக் கீமோ கொடுப்பதும் உண்டு.

ஏற்றும் நாளுக்கு முன் வழக்கமாக மூன்று நாள் லேசான கீமோ இருக்கும். புற்றுநோயைக் கொல்வதல்ல அதன் முக்கிய வேலை. உள்ளே இருக்கும் பழைய வெள்ளணுக்களைக் குறைத்துப் புதியவற்றுக்கு இடம் ஒதுக்குவது. அப்புறம் அந்த நாள். வெளிநாட்டு வீடியோ எல்லாம் பார்த்துவிட்டுப் பெரிதாக எதிர்பார்த்து வருகிறார்கள். உறைந்த ஒரு சின்னப் பையை இளஞ்சூட்டு நீரில் உருக்கி, அரை மணிக்குள் ஏற்றி முடித்துவிடுவார்கள். "அவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். அறை முழுக்கப் பூண்டு வாசனை மட்டும் அடிக்கும். உறையும்போது செல் உடையாமலிருக்கச் சேர்த்த திரவத்தின் வாசனை அது, மூச்சு வழியாக வெளியே வரும். ஒரு நாளில் போய்விடும்.

ஹெச்ஐவி கிருமியை உடம்புல விடுறாங்கன்னு யூடியூப்ல சொல்றாங்களே?

பாதி உண்மை. பல கார்-டி மருந்துகளில் பயன்படும் வைரஸ், ஹெச்ஐவி குடும்பத்திலிருந்து எடுத்து மாற்றப்பட்டது. செல்லுக்குள் நுழைந்து மரபணுவை ஒட்டவைக்கும் திறமை அதற்கு இருப்பதால்தான் தேர்ந்தெடுத்தார்கள். நோய் உண்டாக்கவோ பெருகவோ தேவையான பகுதிகள் அதில் கிடையாது. இந்த சிகிச்சையால் யாருக்கும் எய்ட்ஸ் வராது.

ஆனால் நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. பிற்காலத்தில் எங்காவது ஹெச்ஐவி பரிசோதனை செய்தால், மரபணுவைத் தேடும் வகைப் பரிசோதனையில் தவறாக 'பாசிட்டிவ்' வரலாம். கார்-டி பெற்றதாகச் சொல்லும் அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல் ஏத்தின பிறகு காய்ச்சல் வந்தா நல்லதாமே?

செல்கள் வேலை செய்கின்றன என்பதற்கு அது ஒரு அடையாளமாக இருக்கலாம். 'நல்லது' என்று சும்மா இருக்க முடியாது. டி செல்கள் எதிரியைப் பிடித்ததும் சைட்டோகைன் என்ற ரசாயனங்களைக் கொட்டும். அளவோடு இருந்தால் காய்ச்சல், உடம்பு வலி. மீறினால் ரத்த அழுத்தம் விழும், ஆக்சிஜன் குறையும், ஐசியூவுக்குப் போக வேண்டிவரும். கீமோவால் வெள்ளணு குறைந்திருக்கும் நேரம் என்பதால் அதே காய்ச்சல் கிருமித் தொற்றாலும் வந்திருக்கலாம். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பார்ப்பார்கள். முதல் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியை விட்டு நகரக் கூடாது என்பது இதற்குத்தான். வீட்டுக்குப் போன பிறகும் தெர்மாமீட்டரில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் காட்டினால் பாரசிட்டமால் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். உடனே போன் செய்யுங்கள், நள்ளிரவானாலும்.

இதை அடக்கக் கற்றுக்கொண்ட கதை முக்கியமானது. 2012 ஏப்ரலில் பிலடெல்ஃபியாவில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்குக் கார்-டி செல் ஏற்றினார்கள். ரத்தப் புற்றுநோய் இரண்டு தடவை திரும்பியிருந்தது. அந்த சிகிச்சையைப் பெற்ற முதல் குழந்தை அவள். சில நாளில் வென்டிலேட்டர். பிழைக்க மாட்டாள் என்ற நிலை. ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைன் எக்கச்சக்கமாக ஏறியிருப்பது தெரிந்தது. அதைத் தடுக்கும் மருந்து ஒன்று மூட்டுவாதத்துக்காக ஏற்கெனவே இருந்தது. ஆய்வுக்குழுத் தலைவர் கார்ல் ஜூனின் மகளுக்கே சிறுவயது மூட்டுவாதம். அதனால் அந்த மருந்து அவருக்குத் தெரிந்திருந்தது. கொடுத்த சில மணி நேரத்தில் திருப்பம். ஏழாவது பிறந்தநாளன்று எமிலி கண் விழித்தாள். அதன்பின் அந்த நோய் அவளுக்குத் திரும்பவில்லை.

அந்த மருந்து டோசிலிசுமாப். 2021 கொரோனா அலையில் ஊரெல்லாம் தேடி அலைந்தோமே, அதேதான். இன்று கார்-டி ஏற்றுவதற்கு முன்பே இது கையில் தயாராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பையை உருக்கவே எடுக்கிறார்கள்.

அப்பாவை தினமும் ஒரே வரியை எழுதச் சொல்றாங்க, நூறுலேர்ந்து பின்னாடி எண்ணச் சொல்றாங்க. எதுக்கு?

சைட்டோகைன்கள் மூளையையும் குழப்பலாம். பேச்சு தடுமாறும், பொருளின் பெயர் வராது, சிலருக்கு வலிப்பு வரும். அதைச் சீக்கிரம் பிடிக்கும் எளிய வழி இது: இது எந்த ஊர், எந்த வருஷம், இது என்ன பொருள், கண்ணை மூடுங்கள், ஒரு வரி எழுதுங்கள், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணுங்கள். பத்துக்கு மதிப்பெண்.

எழுத்து முதலிலேயே காட்டிக்கொடுக்கும். ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் 'எனக்கு இட்லி பிடிக்கும்' என்று தினமும் அச்சடித்த மாதிரி எழுதுவார். ஐந்தாம் நாள் காலை 'எனக்கு இட்' வரை வந்து, கோடு கீழே சரிந்து தாளின் ஓரத்துக்குப் போய்விட்டது. அவர் பார்க்கச் சாதாரணமாகத்தான் உட்கார்ந்திருந்தார். அன்றே ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். மூன்று நாளில் புள்ளி உட்பட எழுத்து திரும்பிவிட்டது. பெரும்பாலானோருக்கு இது இப்படிச் சரியாகிவிடும். ஆனாலும் கூட இருப்பவர்கள், 'அவர் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறார்' என்று நீங்களாகவே சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கடனை வாங்கியாவது இதைப் பண்ணிடலாமா?

வேண்டாம். அனுமதி பெற்ற கார்-டி மருந்துகள் இப்போது ரத்தப் புற்றுநோய்களுக்குத்தான்: சில வகை லுக்கேமியா, லிம்ஃபோமா, மைலோமா. பி செல் என்ற வெள்ளணுவில் தொடங்கும் புற்றுநோய்கள் பலவற்றில் சிடி19 என்ற குறி தெளிவாக இருக்கும். அந்தக் குறி ஆரோக்கியமான பி செல்லிலும் உண்டு. ஆனால் பி செல் இல்லாமல் சமாளிக்கலாம். கட்டியாக வரும் புற்றுநோய்களில் அப்படியொரு வசதி இல்லை. மார்பகப் புற்றுநோய் சிலவற்றில் ஹெர்2 என்ற குறி நிறைய இருக்கும். 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், குடல் புற்றுநோய் பரவியிருந்த ஒருவருக்கு ஹெர்2-ஐக் குறிவைத்த கார்-டி செல்லைக் கொடுத்தார்கள். நுரையீரல் செல்களில் கொஞ்சமே இருந்த ஹெர்2-ஐயும் அவை விடவில்லை. ஐந்து நாளில் அவர் இறந்துபோனார்.

குறி பிரச்சினையோடு, கட்டிக்குள் நுழைவதும் கஷ்டம், நுழைந்தாலும் உள்ளே டி செல் சோர்ந்துபோகும். முன்னேற்றம் இல்லாமல் இல்லை. 2025-ல் வெளியான சீன ஆய்வில், முற்றிய இரைப்பைப் புற்றுநோயில் கார்-டி பெற்றவர்களுக்கு நோய் வளராமல் இருந்த காலம் சுமார் மூன்றேகால் மாதம். வழக்கமான மருந்து பெற்றவர்களுக்கு இரண்டு மாதத்துக்கும் குறைவு. அறிவியலுக்கு அது பெரிய சேதி. வீட்டை அடமானம் வைக்கும் அளவுக்கான சேதி இல்லை. 'எல்லாக் கட்டியையும் செல் சிகிச்சையில் கரைக்கிறோம்' என்று யாராவது பணம் கேட்டால், எந்த அனுமதியின் பேரில் என்று எழுத்தில் கேளுங்கள். முறையான மருத்துவ ஆய்வு என்றால் சோதனை மருந்துக்குப் பொதுவாகப் பணம் வாங்க மாட்டார்கள்.

தம்பி செல்லு கொடுக்கத் தயாரா இருக்கான். அண்ணன் செல்லை எதுக்கு எடுக்கணும்?

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே தம்பி தேவை. இங்கே தம்பியின் டி செல்லை அப்படியே போட்டால், அது அண்ணன் உடம்பு முழுவதையும் அந்நியமாகப் பார்த்துத் தோல், குடல், கல்லீரல் என்று தாக்கும். அதனால் அவரவர் செல்.

அடுத்தவர் செல்லில் அந்தத் தாக்கும் குணத்தை மரபணுத் திருத்தத்தால் நீக்கிவிட்டுப் பயன்படுத்தும் முயற்சியும் நடக்கிறது. 2015-ல் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனையில் ஒரு வயதுக் குழந்தைக்கு அப்படிக் கொடுத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை: அண்ணனுக்கு ஏற்கெனவே தம்பியின் மஜ்ஜை வைத்து, அதன்பின் நோய் திரும்பியிருந்தால், அண்ணன் உடம்பில் இப்போது ஓடுவதே தம்பியின் டி செல்தான். அப்போது அண்ணனிடமிருந்து எடுத்தாலும் தம்பி செல்தான் கிடைக்கும். அவை அந்த உடம்புக்குப் பழகிவிட்டவை என்பதால் பெரும்பாலும் பயன்படுத்தலாம்.

எவ்வளவு ஆகும்? அமெரிக்கா போகணுமா?

வேண்டாம். அமெரிக்காவில் 2017-ல் முதல் மருந்துக்கு வைத்த விலை 4,75,000 டாலர், அன்றைய மதிப்பில் 3 கோடி ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு தனி. ஐஐடி பம்பாயில் ராகுல் புர்வார் குழு, டாடா நினைவு மருத்துவமனையோடு சேர்ந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' மருந்துக்கு 2023 அக்டோபரில் இந்திய அனுமதி கிடைத்தது. அறிமுகமானபோது சொல்லப்பட்ட செலவு 30 முதல் 40 லட்சம். 64 பேருக்கு நடந்த அதன் ஆய்வில், பலனைக் கணக்கிட முடிந்தவர்களில் 73 சதவீதம் பேருக்கு நோய் முழுதாகவோ ஓரளவோ பின்வாங்கியது. 2025 ஜனவரியில் பெங்களூரு நிறுவனமொன்றின் மருந்தும் வந்தது. வேலூர் சிஎம்சியில் நடந்த ஆய்வில் செல்களை மருத்துவமனைக்குள்ளேயே, சுமார் ஒன்பது நாளில் தயாரித்தார்கள்.

பத்தில் ஒரு பங்கு விலை என்றாலும் 40 லட்சம் 40 லட்சம்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையின் பொதுவான வரம்பு வருடத்துக்கு 5 லட்சம். தனியார் பாலிசிகளில் மரபணு சிகிச்சைக்குத் துணை வரம்பு போட்டிருப்பார்கள், சின்ன எழுத்தைப் படியுங்கள். மருந்து விலையை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். ஐசியூ, டோசிலிசுமாப், ஒரு மாதம் பக்கத்தில் தங்கும் வீட்டு வாடகை வரை சேர்த்து எஸ்டிமேட் கேளுங்கள்.

இருக்கிற கீமோ எல்லாம் முடியட்டும், கடைசியா இதைப் பார்க்கலாம்னு இருக்கோம். சரிதானே?

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற கேள்வி இது. கார்-டியின் கச்சாப்பொருள் நோயாளியின் டி செல். ஒவ்வொரு சுற்றுக் கீமோவும் அதைத் தேய்க்கிறது. கடைசியில் எடுக்கப் போகும்போது எண்ணிக்கை போதாது, அல்லது பெருக மறுக்கும். பெண்டாமஸ்டின் போன்ற சில மருந்துகள் டி செல்லை ரொம்பவே பாதிக்கும். அதைத் தொடங்கும் முன்பே 'கார்-டிக்கு வாய்ப்பு இருக்கிறதா, செல்லை முதலில் எடுத்துவிடலாமா' என்று கேட்க வேண்டும்.

இதற்காக முதல் கீமோவை விட்டுவிடக் கூடாது. பலருக்கு அதிலேயே குணமாகிவிடும். நோய் அடங்கவில்லை, அல்லது திரும்பிவிட்டது என்று தெரிந்த வாரமே கேளுங்கள் என்கிறேன். கேட்பதற்குக் காசு இல்லை.

ஒரு தடவை ஏத்தினா முழுசா குணமாயிடுமா? திரும்ப வந்தா இன்னொரு தடவை போடலாமா?

சிலருக்கு ஆம். 2010-ல் கார்-டி பெற்ற அமெரிக்கரான டக் ஓல்சனின் ரத்தத்தில் பத்து வருடம் கழித்தும் அந்த செல்கள் உயிரோடு இருந்தன. லுக்கேமியா இல்லை. ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை. குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் நடந்த முக்கிய ஆய்வில் மூன்று மாதத்துக்குள் 81 சதவீதம் பேருக்கு நோய் மறைந்தது. ஒரு வருட முடிவில் நோய் திரும்புவது போன்ற பாதிப்பு இல்லாமல் இருந்தவர்கள் பாதிப்பேர்.

திரும்பி வருவது இரண்டு விதம். கார்-டி செல்கள் சீக்கிரம் மறைந்துபோய், அதே சிடி19 குறியோடு நோய் வரலாம். அப்போது மறுபடி ஏற்றுவதைப் பற்றி யோசிக்க இடமுண்டு. அல்லது புற்றுநோய் அந்தக் குறியையே உதிர்த்துவிட்டு வரலாம். அப்போது அதே செல்லை எத்தனை பை ஏற்றினாலும் பிடிக்க எதுவும் இருக்காது. அதனால்தான் நோய் திரும்பினால் முதல் வேலையாக மறுபடி பரிசோதனைக்கு எடுத்து சிடி19 இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

இந்த சிகிச்சையே புதுசா ஒரு கேன்சரைக் கொண்டுவருதாமே?

அரிதாக. கார் மரபணு டிஎன்ஏவில் எங்கே போய் ஒட்டும் என்று முழுதாகக் கட்டுப்படுத்த முடியாது. 2023 முடிவில் அமெரிக்க மருந்து ஆணையத்தின் கணக்குப்படி, 27,000-க்கும் மேற்பட்ட சிகிச்சைகளில் 22 பேருக்கு டி செல் புற்றுநோய் வந்திருந்தது. அதில் எல்லாமே கார்-டியால்தான் என்று நிரூபணமாகவில்லை. இருந்தாலும் 2024 ஜனவரியில் எச்சரிக்கை வாசகத்தைச் சேர்க்கச் சொன்னார்கள். மற்ற வழியெல்லாம் அடைபட்ட ஒருவருக்கு இந்த அபாயம் சின்னது. ஆயுள் முழுக்க ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வதற்கு ஒரு காரணம் இது.

நல்ல பி செல்லையும் சேர்த்து அழிச்சா, அப்புறம் எப்படி உயிர் வாழ்றது?

கிருமிகளை எதிர்க்கும் புரதமான எதிர்பொருளைத் தயாரிப்பது பி செல்லின் வேலை. அது போனால் சளி, நிமோனியா அடிக்கடி வரும். ரத்தத்தில் எதிர்பொருள் அளவு ரொம்பவும் குறைந்தால், தானம் செய்தவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்பொருளை, அதாவது இம்யூனோகுளோபுலினை, மாதம் ஒருமுறை ஏற்றுவார்கள். இது சில மாதங்களுக்கு, சிலருக்கு வருடக்கணக்கில். பழைய தடுப்பூசிகளையும் மறுபடி போட வேண்டி வரலாம், அட்டவணையை டாக்டர் தருவார்.

இந்தப் பக்கவிளைவையே ஜெர்மனியின் எர்லாங்கனில் மருந்தாக்கிப் பார்த்தார்கள். லூபஸ் நோயில் பி செல்கள்தான் தன் உடம்புக்கு எதிரான எதிர்பொருள்களை உண்டாக்குகின்றன. வேறு மருந்துக்கு அடங்காத ஐந்து பேருக்கு சிடி19 கார்-டி கொடுத்ததில், ஐந்து பேருக்கும் நோய் அடங்கியது என்று 2022-ல் வெளியிட்டார்கள். சில மாதங்களில் புதிய பி செல்கள் திரும்பி வந்தன, லூபஸ் திரும்பவில்லை. போன வாரம் மூட்டுநோய்ப் பிரிவிலிருந்து ஒரு பெண் எங்கள் வார்டைத் தேடிக்கொண்டு வந்து, "இது எனக்கும் கிடைக்குமா?" என்று கேட்டார். இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது என்று சொல்லி, அவருடைய டாக்டருக்குக் காட்ட இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன்.